ராஹுலிகுல்ட்

தார்த்து நகரம், செப்டம்பர்,
விடுதியின் மூன்றாம் மாடி.
சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று
கதவோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டினேன்.
வலப்பக்கம் இல்லை, இடப்பக்கமும் இல்லை,
கதவையே கொஞ்சம் தூக்க வேண்டும்.
சொன்னவள் பக்கத்து அறை நெலே.
சொன்னாள் என்பது மிகை.
தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு வேற்றுமைக்கே பள்ளியில் திட்டு வாங்கியவள் நான்.
எஸ்தோனிய மொழியில் பதினான்கு.
வீட்டுக்குள், வீட்டுக்குள்ளிருந்து, வீட்டின் மேல்,
வீடாக, வீடு வரைக்கும், வீடில்லாமல்.
இல்லாமைக்குக்கூட ஓர் உருபு வைத்திருக்கிறார்கள்.
அது மட்டும் ஒரே நாளில் மனப்பாடமாயிற்று.

உதவித்தொகை ஆறு வாரம் தாமதம்.
'பரிசீலனையில் உள்ளது' என்றது மின்னஞ்சல்,
யார் பரிசீலனையில் என்று சொல்லாமல்.
பக்வீட் கஞ்சி, முட்டைக்கோஸ், மறுபடி பக்வீட்.
காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால்
ஒன்றுக்குப் பத்து சென்ட் கிடைக்கும் என்று தெரிந்ததும்
வெள்ளி இரவு மற்றவர்கள் குடித்துத் தீர்த்ததை
சனி விடியலில் பொறுக்கினேன்.
நாற்பத்தொரு பாட்டில். நான்கு யூரோ பத்து.
தயிர் வாங்கினேன், ஒரு கிலோ அரிசி வாங்கினேன்.
'நல்லா சாப்பிடறேன்பா' என்று போனில் சொன்னேன்.
அன்றைக்கு மட்டும் அது பொய்யில்லை.

நவம்பரில் சூரியன்
நான்கு மணிக்கு முன்பே கடையைச் சாத்திவிடும்.
மண்ணியல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
எங்கள் கல்லூரியில் பலகையில் ஒட்டுவார்கள்,
என் பெயர் எப்போதும் முதல் ஐந்தில்.
இங்கே மதிப்பெண் தனியாக, மூடிய உறை மாதிரி வந்தது.
அவமானப்படக்கூட ஓர் ஆள் இல்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு அந்தச் சதுப்பு நிலம்.
ஆறாயிரம் வருஷத்துப் பாசி,
செத்து, செத்ததன் மேல் முளைத்து, மறுபடி செத்து
மெத்தையாகக் கிடக்கிறது.
மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்றார்கள்.
கிரான்பெர்ரி ஒன்று சிவந்து தெரிந்தது.
ஒரே ஓர் எட்டுதான் வைத்தேன்.

தொடை வரை உள்ளே.
உதைத்தேன். உதைக்க உதைக்க இடுப்புக்கு ஏறியது.
என் ஆய்வுக்கூடத் துணை தானெல்,
இரண்டு மாதத்தில் என்னிடம் பேசியது
மொத்தம் நாற்பது சொல் இருக்கும்,
பாசியின் மேல் குப்புறப் படுத்து
மண் மாதிரி எடுக்கும் கம்பியை நீட்டினான்.
'ராஹுலிகுல்ட்' என்றான்.
'ராஹுலிகுல்ட், ராஹுலிகுல்ட்.'

எந்த ராகுலைக் கூப்பிடுகிறான்?
இந்த வனாந்தரத்தில் நம்மூர்ப் பையன் ஒருத்தனா?
திரும்பித் திரும்பித் தேடினேன்.
தேடியதில் உதைக்க மறந்தேன்.
உதைக்காததால் மேலே வந்தேன்.

பதறாமல், நிதானமாக என்று பொருளாம்.
பஸ்ஸில், 'யார் அந்த ராகுல்' என்று கேட்டபோது சொன்னான்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
அவன் சிரிப்பதை அதுவரை பார்த்திராத வகுப்பே
திரும்பிப் பார்த்தது.
என் இடது பூட்ஸ் அங்கேயே தங்கிவிட்டது.
சதுப்பில் எதுவும் லேசில் மக்காது.
அந்த நாட்டில் என் நிரந்தர முகவரி அதுதான்.

மறுதேர்வில் அறுபத்தொன்று.
யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நெலேயின் கதவைத் தட்டினேன்.
'ம்' என்றாள்.
பிறகு தன் கோட்டில் தொங்கிய வில்லையைக் கழற்றி
என் கோட்டில் குத்தினாள்.
கார் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை,
இருட்டில் நடப்பவர்கள் மாட்டியாக வேண்டும், சட்டம்.
'இத்தனை நாள் நீ யார் கண்ணுக்கும் தெரியவில்லை' என்றாள்.
கார் ஓட்டுபவர்களைச் சொன்னாள்.
அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
அறையில் ஏதாவது பழுது உண்டா என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
கதவு என்று எழுதப் போனேன்.
எழுதவில்லை.
அடுத்து வருபவள் யாரோ,
இருபது நிமிடம் மல்லுக்கட்டட்டும்.
நெலே பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.